பிசியோ பதில்கள்: மீதி 23 மணி நேரம் அந்தக் கை என்ன செய்கிறது?

சென்ற இதழில் பக்கவாதத்துக்குப் பிறகான பயிற்சிகளைப் பற்றி எழுதியபோது, அசைவைக் கணக்கெடுக்கும் சென்சார்கள் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரிக்குத்தான் வந்திருக்கின்றன. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும். முதுகுவலிக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்களின் பெயர்களை வழக்கம்போல விட்டுவிட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நான்கு மாதம் ஆகிறது. வலது பக்கம். குச்சி ஊன்றி நடக்கிறார், கைதான் சரியாக வரவில்லை. பிசியோவுக்குப் போகும் இடத்தில், இரண்டு மணிக்கட்டிலும் கட்டிக்கொள்ளும் சென்சார் செட் ஒன்றை 28,000 ரூபாய் சொல்கிறார்கள். ‘இதைக் கட்டினால் கை சீக்கிரம் வந்துவிடும்’ என்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு மகன், கரூர்

பதில்: தினமும் தராசில் ஏறி நின்றால் எடை குறைந்துவிடுமா தம்பி? சென்சாரும் அப்படித்தான். அது அளக்கும். கையை வரவைக்காது. வரவைக்கும் என்று சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாகவே இருங்கள்.

ஆனால் அளப்பது வீண் வேலை என்றும் நான் சொல்லமாட்டேன். உள்ளே இருப்பது இதுதான்: சிலிக்கானில் செதுக்கிய மிக நுண்ணிய எடை ஒன்று, அதைவிட நுண்ணிய ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டிருக்கும். கை அசையும்போது அந்த எடை சற்றே பின்தங்கும். எவ்வளவு பின்தங்கியது என்பதை மின்சாரக் கணக்காக மாற்றி, ஒரு நொடிக்குப் பல முறை குறித்துக்கொள்வார்கள். ஆக்ஸிலரோமீட்டர் என்பது இது. கை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்க்க ஜைரோஸ்கோப் என்று இன்னொன்று. கை சும்மா கிடந்தாலும் பூமி அந்த எடையை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதனால் கை தொங்குகிறதா, மடியில் கிடக்கிறதா என்பதுகூடத் தெரியும். கார் மோதியதும் ஏர்பேக்கை விரிக்கச் சொல்வதற்காக 1990களில் பெருமளவில் செய்யத் தொடங்கிய சில்லுகள் இவை. அப்புறம் வீடியோ கேமுக்கு வந்தன, அப்புறம் செல்போனுக்கு. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனிலும் ஒன்று இருக்கிறது. சில்லின் விலை சில நூறு ரூபாய்தான். மீதிப் பணம் பட்டைக்கும் மென்பொருளுக்கும் விற்பவருக்கும் போகிறது.

எனக்கு இது எதற்கு உதவுகிறது என்றால், அப்பா என்னிடம் இருப்பது ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரம் அந்தக் கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்: “நல்லா யூஸ் பண்றாருங்க.” அந்த ஒரு மணி நேரமும்கூட நாம் நினைப்பதுபோல் இல்லை. அமெரிக்காவின் கேத்தரின் லாங் குழுவினர் 7 மறுவாழ்வு மையங்களில் 312 பயிற்சி அமர்வுகளைப் பக்கத்தில் உட்கார்ந்தே எண்ணி, 2009இல் வெளியிட்டார்கள். கையால் ஒரு பொருளை எடுப்பது, வைப்பது போன்ற பயனுள்ள அசைவுகள், அவற்றுக்குப் பயிற்சி தந்த அமர்வுகளிலேயே சராசரியாக 32 முறைதான் நடந்தன. ஆய்வகத்தில் மூளை அடிபட்ட எலிகளும் குரங்குகளும் ஒரே அமர்வில் நூற்றுக்கணக்கான முறை அந்த வேலையைச் செய்கின்றன. என் தொழில்காரர்கள் யாருக்கும் பிடிக்காத எண் இந்த 32.

ஆகவே வாங்க வேண்டாம். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் வாடகைக்கோ இரவலுக்கோ தரமுடியுமா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, வரும் கணக்கை யார் உட்கார்ந்து படிப்பார், படித்துவிட்டு அப்பாவின் பயிற்சியில் எதை மாற்றுவார் என்று கேளுங்கள். “ஆப்பில் கிராஃப் வரும், நீங்களே பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் அந்த 28,000 ரூபாயை வைத்து வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் பிசியோ ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். முதல் சில மாதங்கள்தான் வேகமாக மாறும் காலம். அது ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியன். எனக்கு இடது பக்கம் பாதிப்பு, ஓர் ஆண்டு ஆகிறது. பயிற்சியில் மரக்கட்டைகளை எடுத்து அடுக்குகிறேன், டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறேன். கை நன்றாகத் தேறிவிட்டது என்று பரிசோதனை மதிப்பெண்ணும் சொல்கிறது. ஆனால் மூன்று நாள் இரண்டு மணிக்கட்டிலும் சென்சார் கட்டிவிட்டு, ‘விகிதம் 0.45, சாதாரணமாக 0.95 இருக்க வேண்டும்’ என்கிறார் பிசியோ. நான் வலது கைப் பழக்கம் உள்ளவன். எனக்கு இடது கை எப்படி வலது கைக்குச் சமமாக வரும்? இயந்திரம் பொய் சொல்கிறதா?
— முன்னாள் தலைமையாசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம், வலது கைதான் எல்லாம் செய்கிறது, இடது கை சும்மா தொங்குகிறது என்று. அளந்து பார்த்தால் அப்படி இல்லை. செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பக்கவாதம் எதுவும் இல்லாத பெரியவர்களின் இரண்டு கையிலும் சென்சார் கட்டிப் பார்த்தார்கள். பழக்கமான கை நாளுக்கு ஏறத்தாழ 9 மணி நேரம் அசைகிறது, மற்றது எட்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.95. உங்கள் பிசியோ சொன்ன எண் அதுதான்.

நம்பமுடியவில்லை என்றால் காலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். வேட்டி மடிப்பை ஒரு கையால் எடுக்கமுடியுமா? பேப்பர் விரிக்க, டிபன் பாக்ஸ் திறக்க, சட்டைப் பட்டன் போட, டபராவில் காபி ஆற்ற, எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும். இடது கை நுணுக்கமான வேலை செய்வதில்லை, அவ்வளவுதான். பிடித்துக்கொள்ளும், தாங்கும், நகர்த்தும். இந்தக் கணக்கு எவ்வளவு நேரம் அசைந்தது என்பதைத்தான் பார்க்கிறது. எவ்வளவு திறமையாக அசைந்தது என்பதை அல்ல.

இயந்திரம் பொய் சொல்லுமா என்றால், சொல்லும். ஆனால் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்லும். பஸ்ஸில் போனால் குலுங்குகிற குலுக்கலில் இரண்டு கையும் அசைந்ததாகக் கணக்கு ஏறும். நடக்கும்போது கை ஆடுவதும் ஏறும். வலது கையால் இடது கையைத் தூக்கி மடியில் வைத்தாலும், வீட்டம்மா எண்ணெய் போட்டு நீவிவிட்டாலும், இடது கையே வேலை செய்ததுபோல் பதிவாகும். காலை எட்டு மணிக்கு மட்டும் ஒரு பெரிய மேடு, மற்ற நேரமெல்லாம் சமவெளி என்று ஒரு வரைபடம் வந்தால், அந்த மேடு எண்ணெய்க் குளியலா என்றுதான் நான் முதலில் கேட்பேன். இதைச் சரிக்கட்ட வழிகள் உண்டு. முன்கை ஏறத்தாழ படுக்கைவாட்டில், மேலும் கீழும் 30 டிகிரிக்குள் இருக்கும்போது நடக்கும் அசைவை மட்டும் ‘வேலை’ என்று எடுத்துக்கொள்வது ஒன்று. மேசையில், அடுப்படியில், சாப்பாட்டில் நம் கை அந்த உயரத்தில்தான் இருக்கும். வேலூர் சி.எம்.சி.யையும் ஐஐடி மெட்ராஸையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2022இல் இப்படிப்பட்ட கணக்கு முறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார்கள். வெறும் அசைவை மட்டும் எண்ணினால் மிகையாகக் காட்டும் என்பது அதிலும் தெளிவாகத் தெரிகிறது.

உங்களுக்குப் பாதகமாக ஓர் இடத்தில் பொய் சொல்லும், அதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் கட்டிய சென்சாருக்கு விரல் தெரியாது. பூ கட்டுவது, பட்டாணி உரிப்பது போன்ற விரல் வேலைகள் பாதிதான் கணக்கில் வரும். நீங்கள் நாள் முழுக்கப் பூ கட்டுபவர் இல்லை என்று நினைக்கிறேன்.

ஆக, 0.45 என்பது கிட்டத்தட்ட உண்மை. பயிற்சியில் முடிகிற கை, வீட்டில் ஏன் சும்மா இருக்கிறது? இது உங்கள் குறையில்லை. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளில் கவனித்தது இது. உணர்வு நரம்பு அறுபட்ட கையைக் குரங்கு முதலில் பயன்படுத்த முயலும், ஒவ்வொரு முறையும் தோற்கும், நல்ல கையால் செய்தால் உடனே பலன் கிடைக்கும். கொஞ்ச நாளில் அந்தக் கையை அது மறந்தேவிடும். பின்னால் அந்தக் கைக்குச் சக்தி இருந்தாலும் பயன்படுத்தாது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் மறந்த கை வேலைக்கு வந்தது. இதை மனிதர்களுக்குக் கொண்டுவந்த பெரிய பரிசோதனை 2006இல் வெளியானது. 222 பேர். ஸ்ட்ரோக் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்கள். இரண்டு வாரத்துக்கு, விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் தடிமனான உறை, கூடவே தினமும் பல மணி நேரப் பயிற்சி. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றிருந்தது.

நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சொல்லவில்லை. குச்சி ஊன்றி நடக்கும்போதும் அடுப்பின் அருகிலும் நல்ல கையைக் கட்டிவைப்பது ஆபத்து, இதை உங்கள் பிசியோவின் மேற்பார்வை இல்லாமல் செய்யவே கூடாது. உங்களுக்கு நான் சொல்வது வேறு. பயிற்சியை இன்னும் கூட்டுவதால் மட்டும் 0.45 ஏறிவிடாது. பயிற்சியில் கையின் திறன் கூடியும் வீட்டில் அதன் பயன்பாடு அசையவே இல்லை என்று 2017இல் லாங் குழுவே தங்கள் சொந்தப் பயிற்சி முறையைப் பற்றி எழுதியிருக்கிறது. நேர்மையான கட்டுரை அது. வீட்டு வேலையிலேயே சிலவற்றை ‘இது இடது கைக்கு’ என்று எழுதிவைத்துவிடுங்கள். பாத்ரூம் கதவு, விளக்கு சுவிட்ச், துண்டு எடுப்பது, சாப்பிடும்போது தட்டைப் பிடித்துக்கொள்வது. வீட்டம்மாவிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அவர் பட்டன் போட மூன்று நிமிஷம் எடுத்தாலும் ஓடிப்போய்ப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி மூன்று நாள் கட்டிப்பாருங்கள். கணக்கு ஆசிரியருக்கு அந்த ஒப்பீட்டை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: என் மாமியாருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கிறது. பிசியோவில் கரண்ட் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சென்சார் கட்டலாமா?
— மருமகள், திண்டுக்கல்

பதில்: ‘கரண்ட் வைப்பது’ என்று நாம் சொல்வது தசைக்குள் மின்சாரம் செலுத்துவது. அதை அவருக்குத் தவிர்க்கச் சொன்னது சரி. சென்சார் உடம்புக்குள் எதையும் செலுத்தாது, கவனித்துக் குறித்துக்கொள்ளும். பட்டையிலோ சார்ஜரிலோ காந்தம் இருந்தால் அதை நெஞ்சருகே கொண்டுபோக வேண்டாம். கட்டும் முன் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அதைவிட நான் கவலைப்படுவது பட்டையைப் பற்றித்தான். பாதித்த கையில் உணர்ச்சி குறைவாக இருக்கும், வீக்கமும் இருக்கும். இறுக்கிக் கட்டினால் வலிக்கிறது என்று அவருக்கே தெரியாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி, தோலில் தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அம்மா வாக்கர் பிடித்துத் தாழ்வாரத்தில் காலையும் மாலையும் நடக்கிறார். அண்ணன் துபாயிலிருந்து வாங்கிவந்த ஸ்மார்ட்வாட்ச் ஒரு நாளைக்கு 60, 70 அடி என்று காட்டுகிறது. அம்மா மனசு உடைந்து ‘நான் நடக்கவே இல்லைபோல’ என்கிறார். வாட்ச் பழுதா?
— மகள், திருநெல்வேலி

பதில்: வாட்ச் நன்றாகத்தான் இருக்கும். கட்டிய இடம்தான் தப்பு. கை வீசி, ஒரே தாளத்தில் நடக்கிற ஆளை மனதில் வைத்து அதன் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. வாக்கரைப் பிடித்த கை வீசாது. காலைத் தேய்த்து மெதுவாக எடுத்துவைக்கும் அடியில் அதிர்வும் குறைவு. அதனால் வாட்ச் அதை அடியாகவே எண்ணாது. நடக்கும் நேரத்துக்கு மட்டும் அதைக் கழற்றி, பாதிக்காத காலின் கணுக்காலில் கட்டிப்பாருங்கள். நீங்கள் வாய்விட்டு 50 அடி எண்ணுங்கள், வாட்ச் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். நெருங்கி வந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அண்ணனுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாட்ச் இல்லாமலே நல்ல அளவு ஒன்று உண்டு. தரையில் 10 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். கோட்டுக்கு முன்னும் பின்னும் ஓரிரண்டு மீட்டர் இடம் விட்டு, அம்மாவைத் தன் வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள், ஒருவர் பக்கத்திலேயே போகட்டும். 10 மீட்டருக்கு 25 விநாடிக்கு மேல் ஆனால் நொடிக்கு 0.4 மீட்டருக்கும் குறைவு. வீட்டுக்குள் நடமாடும் வேகம் அது. பன்னிரண்டரை விநாடிக்குள் வந்தால் 0.8ஐத் தாண்டிவிட்டார், கடைத்தெருவுக்குத் தைரியமாகப் போகலாம். அமெரிக்க மருத்துவர் ஜாக்குலின் பெர்ரியும் அவருடன் இருந்தவர்களும் 1995இல் வகுத்த எல்லைகள் இவை. நாங்கள் இன்றும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தினமும் 10,000 அடி என்ற பேச்சை அம்மாவின் காதில் போடாதீர்கள். 1965இல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்க அதற்கு வைத்த பெயரிலிருந்து வந்த எண் அது.

கேள்வி: தாத்தாவை ஒரு மறுவாழ்வு மையத்தில் டிவி முன் நிற்கவைத்துப் பலூன் உடைக்கிற விளையாட்டு விளையாட விடுகிறார்கள். கையில் எதுவும் கட்டவில்லை, கேமராவே அசைவைப் பார்க்கிறதாம். தாத்தாவுக்கு ஒரே குஷி. பாட்டிதான், ‘விளையாடறதுக்கா இவ்வளவு காசு’ என்கிறார். யார் சொல்வது சரி?
— பேத்தி, கோயம்புத்தூர்

பதில்: பாட்டிக்குப் பாதி மார்க், தாத்தாவுக்குப் பாதி மார்க். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, ஆள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், தோள் எங்கே, முழங்கை எங்கே என்று கணிக்கிற கேமரா அது. மைக்ரோசாஃப்ட் 2010இல் கினெக்ட் என்று விளையாட்டுக்காக விற்றது. விளையாட்டுக்காரர்கள் அதைக் கைவிட்டபிறகும் பிசியோக்காரர்கள் விடவில்லை.

பாட்டி பக்கம் ஒரு வலுவான சாட்சி இருக்கிறது. கனடாவின் குஸ்தாவோ சபோஸ்னிக் குழு 141 பேரை வைத்துச் செய்த பரிசோதனை 2016இல் வந்தது. பாதிப் பேர் நிண்டெண்டோ வீ என்ற, ரிமோட்டைக் கையில் பிடித்து அசைத்து ஆடும் வீடியோ கேம் விளையாடினார்கள். மீதிப் பேர் அதே அளவு நேரம் சீட்டு, பிங்கோ, மரக்கட்டை அடுக்குதல் என்று கையால் ஆடும் விளையாட்டுகள் ஆடினார்கள். கடைசியில் இரண்டு கூட்டமும் ஒரே அளவுதான் தேறியிருந்தது. அப்படியென்றால் பாட்டியோடு தாயம் ஆடினாலும் நடக்கும், சோழி உருட்டுவதைப் பாதித்த கையால் செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டால் போதும்.

தாத்தா பக்கமும் ஒன்று. குஷியாகச் செய்தால் அதிக நேரம் செய்வார், அது சின்ன விஷயம் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, பலூனை அவர் எதால் உடைக்கிறார் என்பதை. முழங்கையை நீட்டாமல் உடம்பையே முன்னால் சாய்த்து, தோளைத் தூக்கி உடைத்தாலும் பலூன் உடையும், ஸ்கோர் ஏறும். அப்படி ஆயிரம் முறை செய்தால் அந்தத் தப்பான அசைவைத்தான் மூளை படித்துக்கொள்ளும். நல்ல மென்பொருள், மார்பு சாய்ந்தால் பலூனை உடைக்காது. அங்கே இருப்பது அப்படியா என்று கேளுங்கள். இல்லையென்றால், முதுகு சாயும் நாற்காலியில் உட்காரவைத்து, மார்புக்குக் குறுக்கே ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டி விளையாடவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பி.இ. கடைசி ஆண்டு. ஸ்ட்ரோக் நோயாளிகளுக்காக ஒரு கையுறை செய்கிறோம். விரல்களில் வளைவை அளக்கும் சென்சார், மணிக்கட்டில் எம்.பி.யு. 6050 (ஆக்ஸிலரோமீட்டரும் ஜைரோஸ்கோப்பும் சேர்ந்த சில்லு), கணக்கெடுக்க அர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை. போனில் கையின் முப்பரிமாணப் படம் வரும். உங்கள் ஆலோசனை வேண்டும்.
— மாணவர், சென்னை

பதில்: உங்கள் கையுறையைப் போன்ற ஒன்றைக் கல்லூரிக் கண்காட்சிகளில் நிறையப் பார்த்துவிட்டேன் தம்பி. எல்லாம் மேசையில் அழகாக வேலை செய்யும், போட்டுக்காட்டுவது இருபது வயது மாணவர். ஸ்ட்ரோக் வந்தவரின் கை முஷ்டியாக இறுகியிருக்கும். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கும். அந்தக் கைக்கு ஐந்து விரல் கையுறையை மாட்டிப்பாருங்கள். இரண்டு பேர் வேண்டும், மாட்டி முடிப்பதற்குள் கை இன்னும் இறுகிவிடும். சென்னை வெயிலில் அரைமணி நேரத்தில் உள்ளே வேர்த்து நாறும். துவைக்கவும் முடியாது. முதலில் ஒரு பிசியோ பிரிவில் போய் ஒரு நாள் ஓரமாக உட்காருங்கள், அதன் பிறகு சாலிடரிங் அயனைத் தொடுங்கள்.

முப்பரிமாணப் படத்தையும் மறந்துவிடுங்கள். ஆக்ஸிலரோமீட்டர் கணக்கை இருமுறை தொகையிட்டு இடத்தைக் கண்டுபிடிக்கப் போனால் சின்னப் பிழை கூடிக்கூடி, கை சும்மா இருக்கும்போதே அறையைத் தாண்டிப் போய்விட்டதாகக் காட்டும். ஜைரோஸ்கோப்பும் நேரம் ஆக ஆக நழுவும். இதைத் திருத்தக் காந்தமானி (திசைகாட்டிபோல வேலை செய்யும் சென்சார்) சேர்ப்பீர்கள், ஆஸ்பத்திரி இரும்புக் கட்டிலும் வீட்டுப் பீரோவும் அதைக் குழப்பிவிடும்.

எனக்குத் தேவையானது எளிமையான ஒன்று. ஒரே கையால் தானே மாட்டிக் கழற்றக்கூடிய பட்டை இரண்டு. மூன்று நாள் சார்ஜ் நிற்க வேண்டும். குளித்தால் கெடக்கூடாது. எந்த மணி நேரத்தில் எந்தக் கை எவ்வளவு வேலை செய்தது என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டால் போதும், தமிழில்.

கொஞ்சம் கணக்கில் ஆசை இருந்தால் அசைவின் ஒழுங்கை அளந்து பாருங்கள். நாம் ஒரு டம்ளரை எட்டி எடுக்கும்போது கையின் வேகம் ஒரே மேடாக ஏறி இறங்கும். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு அது விட்டுவிட்டு, குட்டிக்குட்டி மேடுகளாகப் போகும், தேறத்தேற மேடுகள் ஒன்றாகச் சேரும். அதை எப்படி எண்ணாக்குவது என்று வேலூர் சி.எம்.சி.யின் சிவகுமார் பாலசுப்பிரமணியனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2015இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். உலகம் முழுக்க அந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். சி.எம்.சி.யும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து செய்த புளூட்டோ என்ற கைப் பயிற்சி இயந்திரத்தையும் பாருங்கள். ஒரே மோட்டார்தான். பிடியை மாற்றி மாற்றிப் பொருத்தினால் மணிக்கட்டுக்கும் முன்கைக்கும் விரல் திறப்பதற்கும் அதுவே பயிற்சி தரும். எதை விட்டுவிடலாம் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

கேள்வி: கணவருக்கு ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதம். பெங்களூரில் இருக்கும் மகன் சென்சார் வாங்கிக் கொடுத்து, தன் போனிலேயே பார்க்கிறான். ராத்திரி போன் செய்து ‘அம்மா, இன்னைக்கு அப்பா கையை அசைக்கவே இல்லையே, நீ என்ன பண்றே?’ என்று என்னைக் கேட்கிறான். அவரோ ‘என்னை வேவு பாக்கறீங்களா’ என்று பட்டையைக் கழற்றி எறிகிறார். நடுவில் நான் என்ன செய்வது?
— ஒரு மனைவி, நாகர்கோவில்

பதில்: அம்மா, முதலில் மகனின் போனிலிருந்து அந்த ஆப்பை எடுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கணக்கை முதலில் பார்க்க வேண்டியவர் அந்தக் கைக்குச் சொந்தக்காரர். இரண்டாவது, பிசியோ. மகன் மூன்றாவது ஆள், அதுவும் அவர் அப்பா சம்மதித்தால்.

உங்கள் மனதில் இருக்கும் குற்ற உணர்ச்சிக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டாருக்குப் பயிற்சி கற்றுக்கொடுத்து, அவர்களைக் கொண்டே நோயாளிக்குச் செய்யவைத்தால் தேறுவார்களா என்று நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்து வழக்கமான கவனிப்பு பெற்றவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. வீட்டு மனிதர்களின் உழைப்பு வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கை வரவில்லை என்றால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று யாரும் விரல் நீட்டமுடியாது. மகன் இந்தப் பத்தியையும் படிக்கட்டும்.

கணவர் விஷயத்தில், பட்டையைக் கழற்றி எறிவதைவிட, ‘இன்னைக்கு அசைக்கவே இல்லை’ என்பதுதான் என்னை யோசிக்கவைக்கிறது. ஸ்ட்ரோக் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். கை முடியாமல் அசையவில்லையா, மனசு இல்லாமல் அசையவில்லையா என்று சென்சாருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். தூக்கம் கெட்டிருக்கிறதா, பிடித்த சாப்பாட்டையும் ஒதுக்குகிறாரா, எதற்கெடுத்தாலும் எரிந்துவிழுகிறாரா? அப்படியென்றால் அடுத்த முறை நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்போது இதை முதலில் சொல்லுங்கள், மாத்திரையாலும் பேச்சாலும் சரியாகக்கூடியது. இன்னொன்று, நேற்றுவரை அசைந்த கை இன்று திடீரென்று அசையவில்லை என்றாலோ, பேச்சு குழறினாலோ, வாய் கோணினாலோ, அது மறுபடி ஸ்ட்ரோக்காக இருக்கலாம். 108ஐ அழையுங்கள்.

மற்றபடி பட்டையை ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். அடுத்த மாதம் பிசியோவே அவரிடம் நேராகக் கேட்கட்டும்: மூன்று நாள் மட்டும் கட்டிக்கொள்கிறீர்களா, கணக்கை நாம் இரண்டு பேர் மட்டும் பார்க்கலாம் என்று. மாட்டேன் என்றால் விட்டுவிடச் சொல்லுங்கள். மகன் ராத்திரி போன் செய்தால் அப்பாவிடமே கொடுத்து, கிரிக்கெட் பேசச் சொல்லுங்கள், போனை அவர் பாதித்த கையால் பிடித்துக்கொள்ளட்டும்.